பசி அடங்கிய உடலின் சத்துக் கணக்கு: எடை குறைப்பு ஊசிகளும் வைட்டமின், தாது மாத்திரைகளும்

உடல் எடையைக் குறைப்பதற்காக வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளப்படும் புதிய ஊசிகள் கொழுப்பை நேரடியாகக் கரைப்பவை அல்ல. அவை பசியை அடக்கி, உண்ணும் அளவைக் குறைப்பதன் வழியாகவே எடையைக் குறைக்கின்றன. உணவு குடலுக்குள் இறங்கியதும் குடற்சுவரிலுள்ள சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இந்த ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவதோடு, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைத் தணித்து, மூளையில் நிறைவுணர்வையும் உண்டாக்குகிறது. இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் அமைப்பைத் தழுவி உருவாக்கப்பட்ட செமாக்ளூடைட் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது என்பதால் அதன் விளைவு இடைவெளியின்றி நீடிக்கிறது. டிர்செபடைட் என்ற மருந்து இதனுடன் ஜிஐபி என்ற மற்றொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

எடை குறைப்புக்கென செமாக்ளூடைட் 2021 ஜூனிலும் டிர்செபடைட் 2023 நவம்பரிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 1,961 பேர் பங்கேற்று 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரங்களில் செமாக்ளூடைட் பெற்றவர்கள் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்தார்கள். மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களின் இழப்பு 2.4 விழுக்காடு மட்டுமே. டிர்செபடைட்டின் உயர்ந்த அளவில் இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டியது. இந்தியாவில் டிர்செபடைட் ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் எடை குறைப்புக்கான செமாக்ளூடைட் ஊசியான வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு முடிவதாக அமைந்ததால், விலை குறைந்து இந்த ஊசி பெருநகரங்களின் சிறப்பு மருத்துவர்களைத் தாண்டிப் பரவும் சூழல் உருவாகியிருக்கிறது. ஊசியோடு சேர்த்து எந்த வைட்டமின், எந்தத் தாது மாத்திரை, எவ்வளவு என்ற கேள்வியும் அதனால் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

இக்கேள்விக்கான விடை உணவின் அளவில் தொடங்குகிறது. வீகோவியின் முழு அளவான 2.4 மில்லிகிராம் செமாக்ளூடைட் பெற்றவர்களைக் கண்காணிப்பில் வைத்து விரும்பிய அளவு உண்ணவிட்ட ஓர் ஆய்வில், அவர்கள் உட்கொண்ட ஆற்றல் வெற்று ஊசிக்காரர்களைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தது. 2,000 கலோரி உண்டவர் 1,300 கலோரிக்கு இறங்குகிறார் என்று கொண்டால், உணவின் தன்மை மாறாதவரை அதிலிருந்த இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் அதே விகிதத்தில் இறங்குகின்றன. ஆனால் உடலின் தேவை அப்படி இறங்குவதில்லை. மாதவிடாயில் இழக்கும் இரும்பும் எலும்பு புதுப்பிக்கப்படுவதற்கு வேண்டிய கால்சியமும் ஒருவர் எத்தனை கலோரி உண்கிறார் என்பதைப் பொறுத்தவை அல்ல. போதாக்குறைக்கு, குமட்டல் இருக்கும் நாள்களில் உணவின் தன்மையும் மாறிவிடுகிறது. மீன், கறி, முட்டை, எண்ணெயில் தாளித்த கீரை, கெட்டியான பருப்பு முதலியவற்றின் வாசனையே ஒவ்வாமல் போக, இரண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சோறு, தேநீரும் ரஸ்க்கும் என்று தட்டு சுருங்குகிறது. ஒரு இட்லியில் சுமார் 2 கிராம் புரதமே உண்டு என்பதை நினைத்தால் இந்தச் சுருக்கத்தின் பொருள் விளங்கும்.

எடை குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரைகள் தேவைப்படுகின்றன. அந்தப் பட்டியலை அப்படியே ஊசி போடுவோருக்கும் எழுதித் தரும் வழக்கம் பரவிவருகிறது, இது சரியன்று. இரைப்பையைச் சுருக்கிக் குடலைத் திருப்பி இணைக்கும் அறுவையில், இரும்பையும் கால்சியத்தையும் பெருமளவு உறிஞ்சும் சிறுகுடலின் முற்பகுதி உணவுப் பாதையிலிருந்தே விலக்கப்படுகிறது; வைட்டமின் பி12 உறிஞ்சப்படத் தேவையான இரைப்பைச் சுரப்பும் குறைகிறது. ஆகவே அவர்கள் நன்றாக உண்டாலும் சத்து முழுமையாகச் சேராது. ஊசி போடுவோருக்கு இந்தப் பாதை அப்படியே இருக்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறதே தவிர, குடலின் எந்தப் பகுதியும் விலக்கப்படுவதில்லை. இவர்களிடம் காணும் குறை பெரும்பாலும் உள்ளே போகாததால் வருவது. அதனால் உணவைத் திருத்தினால் பெரும்பகுதி சரியாகிவிடும் வாய்ப்பு இவர்களுக்கு உண்டு. திருத்த முடியாத இடத்தில் வழக்கமான அன்றாடத் தேவையளவிலான மாத்திரையே பெரும்பாலும் போதும்.

ஆய்வுச் சான்றுகள் இன்னும் மெலிந்தே இருக்கின்றன. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், இம்மருந்துகளைப் பயன்படுத்தும் 69 பேரின் உணவைக் கணக்கிட்டபோது, நார்ச்சத்து, கால்சியம், இரும்பு, மக்னீசியம், பொட்டாசியம், வைட்டமின் ஏ, சி, டி, இ ஆகியவை பரிந்துரைக்கப்பட்ட அளவை எட்டவில்லை என்று தெரிந்தது. அதே ஆண்டில், நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நீரிழிவாளர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மருந்து தொடங்கிய ஓராண்டுக்குள் சுமார் 22 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு சத்துக்குறை புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும் அவற்றில் வைட்டமின் டி குறையே முதலிடம் பெற்றதாகவும் தெரிவித்தார்கள். இவ்வெண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மருத்துவரிடம் அடிக்கடி செல்பவருக்கு அடிக்கடி பரிசோதனை நடக்கும். பரிசோதித்தால் முன்பே இருந்த குறையும் ‘புதிய’ குறையாகப் பதிவாகும். ஊசி உண்டாக்கிய குறை எது, ஊசிக்கு முன்பே மறைந்திருந்து இப்போது வெளிப்பட்ட குறை எது என்பதை இத்தகைய பதிவுகள் பிரித்துக் காட்டுவதில்லை.

முன்பே மறைந்திருக்கும் குறை என்பது தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வெறும் ஊகமன்று. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், கணிசமான பெண்கள் இரண்டு வகையிலும் அடங்கக்கூடும் என்று கருத இடமுண்டு. பருத்த உடல் சத்து நிறைந்த உடல் என்ற எண்ணம் அந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

இரும்பின் நிலை இன்னும் சிக்கலானது. உடற்பருமனோடு வரும் மெல்லிய, நாள்பட்ட அழற்சி, கல்லீரலை ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் உயர்ந்தால் குடல் இரும்பை உள்ளே விடுவது குறையும். உடலின் இரும்புச் சேமிப்பை அளக்கப் பயன்படும் ஃபெரிட்டின் என்ற புரதமும் அழற்சியால் உயர்வதால், சேமிப்பு வற்றியிருந்தாலும் பரிசோதனைச் சீட்டில் எண் இயல்பாகத் தோன்றக்கூடும். எடை குறைந்து அழற்சி தணியும்போது ஹெப்சிடினும் இறங்குவது நல்ல செய்தி என்றாலும், உள்ளே விடக் குடல் ஆயத்தமாகும் அதே நேரத்தில் தட்டில் இரும்பு குறைந்துபோகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வயதுவந்த பெண்ணுக்குப் பரிந்துரைத்த அளவு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். 1,200 கலோரிக்குள் அடங்கும் சோறும் காய்கறியுமான உணவில் இதை எட்டுவது மிகக் கடினம். ஆகவே மாதவிடாய் உள்ள பெண்களுக்கு ஊசி தொடங்கும் முன்பே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது, பிறகு பார்ப்பதைவிட மேலானது.

ஆனால் இரும்பு மாத்திரைக்கே குமட்டலும் மலச்சிக்கலும் உண்டு. முன்சொன்ன 2021 ஆய்வில் செமாக்ளூடைட் பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் குமட்டலையும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மலச்சிக்கலையும் தெரிவித்திருந்தார்கள். ஊசியையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரும்பு மாத்திரையே கைவிடப்படும். ஒரு வேளை இரும்பு எடுத்தவுடன் ஹெப்சிடின் ஒரு நாள்வரை உயர்ந்திருப்பதால், நாள்தோறும் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது என்று சூரிக்கில் இளம்பெண்களிடம் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போடுவோருக்கு இந்த முறை இரட்டிப்பு நன்மை தரக்கூடியது. இரும்பு எடுக்கும் வேளையில் தேநீரையும் கால்சியம் மாத்திரையையும் தள்ளிவைப்பது பழைய அறிவுரைதான். அது இன்றும் செல்லும்.

வைட்டமின்களில் உயிருக்கே உலைவைக்கும் வேகத்தில் குறையக்கூடியது தயமின் எனப்படும் பி1. பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கப்படுகிறது. தயமினோ உடல் முழுவதிலும் சேர்ந்து சுமார் 25 முதல் 30 மில்லிகிராமே இருக்கும், உட்கொள்ளல் நின்றுபோனால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றும் வழியில் தயமின் இல்லாமல் கடக்க முடியாத படிகள் உண்டு. குளுக்கோஸை நம்பியே வாழும் மூளை முதலில் பாதிக்கப்படுவது அதனால்தான். கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்து, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் மூளைநோய் பொதுவாகக் குடிநோயாளிகளுக்கு வருவதாகவே அறியப்பட்டாலும், அவர் விவரித்த மூவரில் ஒருவர் கந்தக அமிலத்தை விழுங்கியதால் இரைப்பை வழி குறுகி, விடாத வாந்தியால் அவதிப்பட்ட இளம் தையற்காரப் பெண். வாந்தியும் உணவின்மையும் மட்டுமே இந்நோய்க்குப் போதும் என்பது ஆரம்பத்திலேயே பதிவாகிவிட்டது. எடை குறைப்பு அறுவைக்குப் பின் இது நிகழ்வது நன்கு அறியப்பட்டது. செமாக்ளூடைட் பயன்படுத்தி வாரக்கணக்கில் வாந்தியெடுத்தவர்களிடமும் நிகழ்ந்ததாகத் தனி நோயாளி அறிக்கைகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துள்ளன.

கண் அசைவு தடுமாறுதல், நடை தள்ளாடுதல், மனக்குழப்பம் என்னும் மூன்றும் சேர்ந்து தோன்றுவதே இந்நோயின் அடையாளம் என்று பாடநூல்கள் சொன்னாலும், மூன்றும் ஒருவரிடமே காணப்படுவது குறைவு. சோர்வும் தலைசுற்றலும் மட்டும் முதலில் தெரியலாம். அப்போது நம் ஊர்களில் நடப்பது என்ன? இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி நிற்கவில்லை என்று வருபவரைத் தெருமுனை மருத்துவமனையில் படுக்க வைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், எஞ்சியிருக்கும் சிறிதளவு தயமினும் அதை எரிப்பதில் செலவாகி, நோய் மணிக்கணக்கில் முற்றக்கூடும். குளுக்கோஸுக்கு முன்போ அதனுடனோ தயமினை நரம்பு வழியே கொடுப்பது இதைத் தடுக்கிறது. அந்த மருந்தின் விலையும் மிகக் குறைவு. ஊசி போட்டுக்கொள்பவரும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியது இதுவே: மருந்தின் அளவைக் கூட்டும் வாரங்களில் வாந்தி நாள்கணக்கில் நீண்டால், எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஊசி போடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும். பலர் எடைக்காக ஊசி போடுவதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அந்த மறைப்பு இங்கே ஆபத்தானது.

தயமினைப் பற்றிய அறிவு அரிசியிலிருந்தே பிறந்தது என்பதால், அரிசி உண்பவர்களின் அன்றாடத்தோடு அதற்கு நெருங்கிய உறவுண்டு. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள், தயமின் குறையால் வரும் பெரிபெரியை ஒத்த நரம்பு நோய்க்கு ஆளாவதைக் கிறிஸ்டியான் ஐக்மன் 1890களில் ஜாவாவில் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய சத்துக்குறை ஆய்வுகளும் இந்த மரபில் வருபவை. அவர் தொடங்கிய ஆய்வகமே பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்கு நகர்வதால், புழுங்கலரிசியில் அது பச்சரிசியைவிடக் கூடுதலாகத் தங்குகிறது. பலமுறை கழுவிக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். பருப்பு விரைவில் வேகச் சமையல் சோடா சேர்ப்பதும் தயமினை அழிக்கும். குறைவாக உண்பவருக்கு இந்தச் சிறு இழப்புகளும் கணக்கில் வரும்.

பி12 வேறு வகையில் கவனிக்கத் தக்கது. ஊசி போடும் நீரிழிவாளர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்கள். அது பி12 உறிஞ்சலைக் குறைக்கும். அத்தகையவர் சைவ உணவினராகவும் இருந்து, பாலும் தயிரும் குமட்டலால் குறைந்தால், குறை மெல்ல ஆழமாகும். பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் நீரிழிவு நரம்பு நோயென்றே கருதப்பட்டு, பி12 பார்க்கப்படாமல் போவதுண்டு. துத்தநாகம், மக்னீசியம் முதலியவற்றை ஊசி போடுவோர் எல்லாருக்கும் தனி மாத்திரையாகத் தர வலுவான சான்று இல்லை. நீடித்த வயிற்றுப்போக்கு உள்ளவரிடமும், சிறுநீர் பெருக்கி மருந்து எடுப்பவரிடமும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைந்து கொழுப்புத் திசுவில் பரவித் தங்குவதால், பருத்த உடலில் இரத்த அளவு தாழ்வாகவே காணப்படும்; எடை இறங்கும்போது அளவு சற்று உயர்வதும் பதிவாகியிருக்கிறது. இங்கே அஞ்ச வேண்டியது குறையைவிட மிகையை. 60,000 அலகு கொண்ட சாஷே அல்லது கேப்ஸ்யூலை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் மட்டும் எடுப்பது இந்தியாவில் வழக்கமான முறை. வயதுவந்தவர் மருத்துவக் கண்காணிப்பின்றி நாள்தோறும் எடுக்கக்கூடிய மேல்வரம்போ 4,000 அலகு. வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு, மாதக்கணக்கில் எடுத்துச் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. மிகையான வைட்டமின் டி இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்தும். உயர்ந்த கால்சியத்தின் அறிகுறிகள் பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். இவை ஊசியின் பக்கவிளைவுகளும்தான் என்பதால், நஞ்சேறுவது வெளியே தெரியாமல் ஊசியின் மீதே பழி விழும். எல்லாருக்கும் எல்லாமும் என்று மாத்திரைகளை அள்ளித் தருவதை எதிர்ப்பதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

முடி உதிர்தலும் அப்படித் தவறான மாத்திரையை நோக்கித் தள்ளும் ஒன்று. வேகமாக எடை இழக்கும் எந்த உடலிலும், சில மாதங்கள் கழித்து, ஓய்வுநிலைக்குப் போன முடிகள் கொத்தாக உதிர்வது இயல்பு. வீகோவி ஆய்வுகளில் 3 விழுக்காட்டினரும் வெற்று ஊசிக் குழுவில் 1 விழுக்காட்டினரும் இதைத் தெரிவித்தனர். பெரும்பாலும் அது தானாக மீளும். இரும்பும் புரதமும் குறைந்திருந்தால் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். கடைகளில் கிடைப்பதோ பயோட்டின். நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதுமென்று கருதப்படும் இந்த வைட்டமின் 10 மில்லிகிராம் மாத்திரையில், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல் விற்கப்படுகிறது. மிகையான பயோட்டின் சில இரத்தப் பரிசோதனை முறைகளைக் குழப்பி, தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டுவதோடு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவையும் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

எந்த மாத்திரையும் தொட முடியாத இழப்பு தசையில் நிகழ்கிறது. முன்சொன்ன செமாக்ளூடைட் ஆய்வில் 140 பேரின் உடற்கூறு அளக்கப்பட்டபோது, கொழுப்பு சுமார் 19 விழுக்காடு குறைந்தது. தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசுவும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்திருந்தது. எலும்பும் விலக்கன்று: கோபன்ஹேகனில், குறைகலோரி உணவால் எடை இழந்த பிறகு, இதே வகையைச் சேர்ந்த லிராக்ளூடைட் ஊசியும் உடற்பயிற்சியும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஓராண்டு ஒப்பிடப்பட்டபோது, ஊசி மட்டும் பெற்றவர்களிடம் இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்தது, உடற்பயிற்சியும் சேர்ந்தபோது அது காக்கப்பட்டது. நான்கு அமெரிக்க அமைப்புகள் 2025இல் சேர்ந்து வெளியிட்ட அறிவுரை, எடை குறையும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம்வரை புரதத்தைச் சொல்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு, 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் என்று கணக்கிட்டால், தட்டில் முதலிடம் எதற்கு என்பது தெரியும். சிறிய வயிற்றுக்குள் சோறு முதலில் போனால் மற்றவைக்கு இடமிராது. புரதத்தின் தரமும் உடன்வரும் தாதுக்களும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கொடிய சான்று கிடைத்தது. விலங்குத் தோல், சவ்வு ஆகியவற்றிலிருந்து எடுத்த தரங்குறைந்த திரவப் புரதத்தை மட்டுமே மாதக்கணக்கில் குடித்து எடை குறைத்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலரின் இதயத் துடிப்பு கட்டற்றுக் குழம்பி நின்றிருந்தது.

மாத்திரைகளை எப்போது எடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. செமாக்ளூடைட்டை ஊசியாக அல்லாமல் ரைபெல்சஸ் மாத்திரையாக எடுப்பவர், காலையில் வெறும் வயிற்றில் 120 மில்லிலிட்டருக்கு மிகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமேனும் வேறு உணவோ பானமோ மருந்தோ எடுக்கக் கூடாது. சத்து மாத்திரைகளை அதனுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து சரிவர உறிஞ்சப்படாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர் உண்ணும் கீரையின் அளவு திடீரெனக் குறைந்தால், வைட்டமின் கே குறைந்து மருந்தின் வீரியம் கூடக்கூடும் என்பதால் அவருக்குப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும்.

குழந்தைப்பேற்றை எண்ணும் பெண்களுக்கு இந்தக் கணக்கு மேலும் கூர்மையாகிறது. எடை குறைந்ததும், சினைப்பை நீர்க்கட்டி நோயால் தடைபட்டிருந்த கருமுட்டை வெளியேற்றம் மீளலாம். டிர்செபடைட் வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் உறிஞ்சலைக் குறைப்பதால், ஊசியைத் தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரங்களுக்கு வேறொரு தடுப்பு முறை பரிந்துரைக்கப்படுகிறது. எதிர்பாராத கருத்தரிப்பு, உணவு மிகக் குறைந்திருக்கும் மாதங்களிலேயே நிகழக்கூடும் என்பது இதன் பொருள். கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்து நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்ளும். ஃபோலிக் அமிலம் அதற்கு முன்பே உடலில் இருந்தாக வேண்டும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்ற வழக்கமான அளவை, கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் ஊசியின் முதல் வாரத்திலிருந்தே எடுப்பது பொருத்தம். மாறாக, ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ மிகையானால் கருவுக்குக் கேடு செய்யும் என்பதால், பல சத்துகள் கலந்த மாத்திரைகளை ஒன்றுக்கு மேல் எடுப்பவர்கள் அவற்றின் உறைகளைப் படித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். திட்டமிட்ட கருத்தரிப்புக்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன் செமாக்ளூடைட்டை நிறுத்த வேண்டும். பசி திரும்பும் அந்த இரண்டு மாதங்களில்தான் ஹீமோகுளோபினையும் பி12ஐயும் மறுபடி பார்த்து, குறையிருந்தால் உயர்த்துவதற்கு அவகாசம் கிடைக்கிறது.